புதிய பயிற்சியாளரின் முதல் பேட்ச்: எதைப் பார்த்து மதிப்பிடுவது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கச் செல்லும் நம் மாணவர்கள், போய்ச் சேர்ந்த முதல் செப்டம்பரிலேயே ஒன்றைக் கண்டுகொள்வார்கள். சனிக்கிழமை வந்தால் ஊரே ஒரே நிறச் சட்டையில் நடமாடும். டஸ்கலூசா போன்ற சிறிய ஊரில்கூட அலபாமா பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேர் திரள்வார்கள். முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து அது. ஆட்டத்தின் விதிகள் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். குழப்பம் டிசம்பரில்தான் வருகிறது. ஆட்டமே நடக்காத ஒரு புதன்கிழமையில், பள்ளிப் படிப்பையே முடிக்காத பையன்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கொண்டாடும் அல்லது கொந்தளிக்கும். பயிற்சியாளர் புதியவர் என்றால் அந்தப் பட்டியலைக் கொண்டே அவருக்குத் தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். அந்த அவசரத் தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை நான் நம்புவதில்லை. எதைப் பார்த்தால் ஓரளவு நியாயமாகக் கணிக்க முடியும் என்பதை, இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் அடிப்படை. ஐபிஎல் ஏலத்தில் பணம் வைத்திருக்கும் அணி வீரரை எடுத்துக்கொள்கிறது. கல்லூரி ஆட்டத்தில் தேர்ந்தெடுக்கும் உரிமை பையனிடம் இருக்கிறது. உயர்மட்டப் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றின் பயிற்சியாளர்கள் பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மாணவர்களின் ஆட்டத்தைக் கவனித்து, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசி, உதவித்தொகையுடன் இடம் தருவதாகச் சொல்வார்கள். பையன் ஒரு கல்லூரிக்கு வாய்மொழியாக வாக்குக் கொடுப்பான். அந்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்திடும் நாள்வரை இரு தரப்பும் மனம் மாறலாம். ஓர் ஆண்டில் அப்படிக் கையெழுத்திட்டுச் சேரும் இருபது இருபத்தைந்து பேர்தான் அந்த ஆண்டின் பேட்ச்.

இந்த உறவு ஓரிரு வாரங்களில் உருவாவதில்லை. ஒரு நல்ல வீரனை இரண்டு ஆண்டுகள், சில நேரம் அதற்கும் மேல், விடாமல் தொடர வேண்டும். அவனுடைய பள்ளிப் பயிற்சியாளரைத் தெரிந்திருக்க வேண்டும், தாயின் கவலை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். புதிய பயிற்சியாளருக்கு இல்லாதது இந்தக் காலம்தான்.

நாள்காட்டியைப் பாருங்கள். லீக் ஆட்டங்கள் நவம்பர் கடைசியில் முடிகின்றன. தோற்ற அணிகள் பயிற்சியாளரை நீக்குவதும் புதியவரை அமர்த்துவதும் அதையொட்டித்தான். முன்பெல்லாம் கையெழுத்து நாள் பிப்ரவரி முதல் புதன்கிழமையில் வரும். புதியவருக்கு இரண்டு மாதமாவது மூச்சுவிட நேரம் இருந்தது. 2017 டிசம்பரில் முன்கூட்டியே கையெழுத்திடும் வாய்ப்பு அறிமுகமானது. பெரும்பாலான பையன்கள் அதற்கே மாறிக்கொண்டார்கள். 2024-இல் அது டிசம்பர் முதல் வாரத்துக்கே நகர்ந்தது. ஆக, இன்று ஒருவர் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே அவர் பெயரில் ஒரு பேட்ச் வந்து நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் முந்தையவர் பேசி முடித்த பையன்கள். அந்தப் பட்டியலுக்குக் கிடைக்கும் பாராட்டானாலும் வசையானாலும், முழுவதையும் புதியவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

அடுத்து நட்சத்திரங்கள். ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ் போன்ற தளங்கள் ஒவ்வொரு பள்ளி வீரனுக்கும் அதிகபட்சம் ஐந்து நட்சத்திரம் வரை தருகின்றன. ஐந்து நட்சத்திரம் பெறுவோர் நாடு முழுவதிலும் ஆண்டுக்கு முப்பது பேர் அளவில்தான் இருப்பார்கள். 247ஸ்போர்ட்ஸ் அந்த எண்ணை, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை எடுத்துக்கொள்ளும் தேர்வின் முதல் சுற்றிலுள்ள 32 இடங்களை மனத்தில் வைத்தே வகுத்திருக்கிறது. இந்த மதிப்பீடுகள் வெறும் ஊகம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2011 முதல் 2023 வரையிலான பருவங்களில் தேசியப் பட்டம் வென்ற ஒவ்வோர் அணியும், அதற்கு முந்தைய நான்கு பேட்ச்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திர வீரர்களைச் சேர்த்திருந்தது. கூட்டமாகப் பார்க்கும்போது நட்சத்திரம் பொய் சொல்வதில்லை. தனி ஆளாகப் பார்க்கும்போது அடிக்கடி தவறும். ஜே.ஜே. வாட் இரண்டு நட்சத்திரத்துடன் சென்ட்ரல் மிச்சிகனில் சேர்ந்து, பின்பு உதவித்தொகை இல்லாமலேயே விஸ்கான்சின் அணிக்குள் நுழைந்தவர். பிற்காலத்தில் என்எஃப்எல்-இன் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை மூன்று முறை வென்றார்.

அணிகளின் தரவரிசையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 247ஸ்போர்ட்ஸ் ஓர் அணியின் புள்ளியைக் கணக்கிடும்போது சிறந்த வீரனுக்கு முழு எடையும், அடுத்தடுத்தவர்களுக்குக் குறைந்துகொண்டே போகும் எடையும் தருகிறது. எடை குறைந்தாலும் கூட்டல் கூட்டல்தான். ஆள் கூடினால் புள்ளியும் கூடும். பன்னிரண்டு பேரை மட்டும் சேர்த்த அணி, அந்தப் பன்னிரண்டு பேரும் தரமானவர்களாக இருந்தாலும், இருபத்தைந்து பேரைச் சேர்த்த அணிக்குப் பெரும்பாலும் கீழேயே நிற்கும். முதல் ஆண்டுப் பயிற்சியாளர்களின் பேட்ச் பெரும்பாலும் சிறியது. எனவே இடத்தைப் பார்க்காமல் ஆளுக்குச் சராசரி மதிப்பீடு என்ன என்று பாருங்கள். அந்த எண்ணும் அதே பக்கத்திலேயே இருக்கும்.

இனி ஓர் உண்மைக் கதைக்குப் போகலாம். முதல் பேட்ச் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்ப்பது அலபாமாவின் 2007-ஆம் ஆண்டு பேட்ச்சை. 2006 நவம்பர் இறுதியில் அங்கே பயிற்சியாளராக இருந்த மைக் ஷூலா நீக்கப்பட்டார். டிசம்பரில் ரிச் ரோட்ரிகஸிடம் பேசினார்கள்; அவர் வர மறுத்துவிட்டார். 2007 ஜனவரி 3-ஆம் தேதிதான் என்எஃப்எல் அணியான மயாமி டால்ஃபின்ஸை விட்டு நிக் சேபன் வந்தார். கையெழுத்து நாள் பிப்ரவரி 7. இடையில் ஐந்தே வாரம். அவர் திரட்டிய பேட்ச் தரவரிசையின் உச்சிக்கு அருகில் இல்லை. அந்த ஆண்டு ஆட்டத்தில் அணி 7 வெற்றி, 6 தோல்வி. நவம்பரில் சொந்த மைதானத்தில் லூசியானா-மன்ரோ என்ற சிறிய கல்லூரியிடம் 21-14 என்று தோற்றது. 2007 டிசம்பரில் அந்த பேட்ச்சுக்கு மதிப்பெண் போடச் சொல்லியிருந்தால் யாரும் தாராளமாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

அதில் இருந்தவர்கள் யார்? ரோலாண்டோ மெக்லெயின் என்ற லைன்பேக்கர், அதாவது தடுப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். 2009-இல் அலபாமா 14 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் பெற்றபோது தடுப்பாட்டத்தை முன்நின்று நடத்தியவர். நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது அந்த ஆண்டு அவருக்கே கிடைத்தது. இன்னொருவர், எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவர்களை மறிக்கும் கார்னர்பேக் கரீம் ஜாக்சன். 2010 என்எஃப்எல் தேர்வில் இருவரும் முதல் சுற்றிலேயே போனார்கள். இந்த இரண்டு பெயரோடு கதையை முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அந்த பேட்ச்சின் பெருமை வேறு இருவரிடம் இருக்கிறது: நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர் வில்லியம் விளாகோஸ், தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் ஜோஷ் சாப்மன். இருவரும் அலபாமா மாநிலப் பையன்கள். பெயர் தெரியாமல் வளர்ந்தார்கள். கல்லூரி வீரருக்கு நான்கு பருவம் ஆட ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. முதல் ஆண்டு ஆடாமல் உடலைத் தேற்றிக்கொள்ளலாம். அந்த வழியில் வந்து, 2012 ஜனவரியில் அலபாமா, லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யு) அணியை 21-0 என்று வென்று மீண்டும் பட்டம் பெற்றபோது ஐந்தாம் ஆண்டு வீரர்களாக இருவரும் களத்தில் இருந்தார்கள். சாப்மன் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே ஆடினார். ஐந்து வாரத்தில் சேர்த்த பேட்ச்சின் விடைத்தாள் திருத்தி முடிய ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது.

ஆனால் ஐந்து ஆண்டு காத்திருங்கள் என்று சொன்னால் எந்த ரசிகரும் கேட்கமாட்டார். அன்றே பார்க்கக்கூடிய அடையாளங்களும் உண்டு. விளாகோஸும் சாப்மனும் காட்டுவது அவற்றில் ஒன்றை: தாக்குதல், தடுப்பு என இரு பக்கத்து முன்வரிசைகள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக், ஏந்தி ஓடும் ரன்னிங்பேக் பெயர்கள்தாம் செய்தியில் வரும். முன்வரிசையில் மோதும் 130 கிலோ ஆட்கள் இல்லாவிட்டால் அந்தக் குவார்ட்டர்பேக்குக்குப் பந்தை எறிய நேரமே கிடைக்காது. அவசரத்தில் இருக்கும் புதிய பயிற்சியாளருக்கு, கைதட்டல் கிடைக்கும் இடங்களுக்கு ஆள் பிடிக்கும் ஆசை வரும். அந்த ஆசைக்கு ஆட்படாமல் முன்வரிசைக்கு நான்கைந்து பேரைச் சேர்த்திருந்தால் அவர் வேலையை நன்றாகவே அறிந்தவர். பதினேழு வயது முன்வரிசை வீரன் எப்படி வளர்வான் என்று கணிப்பதுதான் மதிப்பீட்டாளர்களுக்கு மிகக் கடினம். அவர்களுடைய நட்சத்திரக் குறைவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னோர் அடையாளம் சொந்த மாநிலம். உள்ளூர்ப் பள்ளிப் பயிற்சியாளர்கள் புதியவரை நம்புகிறார்களா என்பது முதல் பேட்ச்சில் அரைகுறையாகவும் இரண்டாவதில் தெளிவாகவும் தெரியும். சேபனின் இரண்டாவது பேட்ச், 2008-இல் சேர்ந்தது, ரைவல்ஸ் பட்டியலில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. அலபாமாவின் ஃபோலியிலிருந்து ஜூலியோ ஜோன்ஸ், மொபீலிலிருந்து மார்க் பேரன், பர்மிங்ஹாமிலிருந்து மார்செல் டேரியஸ் என்று மாநிலத்தின் சிறந்த பையன்கள் வீட்டருகிலேயே தங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்களில் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்து மார்க் இங்ரம் முக்கியமானவர். நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை அலபாமாவுக்கு முதன்முதலாக 2009-இல் கொண்டுவந்தவர். இங்ரமின் தந்தை எண்பதுகளில் மிச்சிகன் ஸ்டேட் அணியில் ஆடியபோது சேபன் அங்கே துணைப் பயிற்சியாளராக இருந்தார். பழைய உறவு எத்தனை ஆண்டு கழித்துப் பலன் தருகிறது பாருங்கள்! முதல் பேட்ச்சையும் இரண்டாவதையும் சேர்த்து ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முழுதாகப் பன்னிரண்டு மாதம் உழைத்துச் சேர்த்தது இரண்டாவதுதான்.

இதற்கு நேர் எதிரான கதை பக்கத்து மாநிலத்தில் நடந்தது. 2008 டிசம்பர் தொடக்கத்தில் டென்னசி பல்கலைக்கழகம் லேன் கிஃபினை அமர்த்தியது. ஆரவாரமான முதல் பேட்ச். ரைவல்ஸ் தளம் நாட்டின் முதல் வீரனாக வைத்திருந்த ரன்னிங்பேக் பிரைஸ் பிரவுன், கன்சாஸின் விச்சிடாவிலிருந்து வந்து சேர்ந்தார். டென்னசி ரசிகர்கள் மகிழ்ந்து தீர்த்தார்கள். ஒரே பருவம், 7 வெற்றி, 6 தோல்வி. 2010 ஜனவரியில் கிஃபின் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பிரவுனும் பின்னர் கன்சாஸ் ஸ்டேட்டுக்கு மாறினார்.

அதே 2008 டிசம்பர் தொடக்கத்தில் கிளெம்சன் பல்கலைக்கழகம், இடைக்காலப் பயிற்சியாளராக இருந்த டாபோ ஸ்வினியை நிரந்தரமாக்கியது. அவருடைய முதல் பேட்ச்சில் பன்னிரண்டே பேர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டில் ஒருவர் டாஜ் பாய்ட் என்ற குவார்ட்டர்பேக். அதற்கு முன் டென்னசிக்கு வாக்குக் கொடுத்திருந்தவர். அங்கே பயிற்சியாளர் மாறியதும் வேறிடம் தேட வேண்டியவரானார். முதல் ஆண்டு ஆடாமல் காத்திருந்து, 2011-இல் கிளெம்சனுக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஏசிசி லீக் பட்டம் பெற்றுத் தந்தார். ஒரே குளிர்காலம், இரண்டு புதிய பயிற்சியாளர்கள். கையெழுத்து நாளில் யாருக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது, நான்கு ஆண்டு கழித்து எந்த ஊரில் வலுவான அணி எழும்பியிருந்தது என்று ஒப்பிட்டால் தரவரிசையின் எல்லை விளங்கும். ஸ்வினி சேர்த்தவர்களின் எண்ணிக்கையை விட, கைக்கு எட்டிய ஒரு குவார்ட்டர்பேக்கை அடையாளம் கண்ட விரைவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. புதியவரின் கைவண்ணத்தைத் தேட வேண்டிய இடம் இதுவே: பழையவர் விட்டுப்போன பட்டியலில் யாரைத் தக்கவைத்தார், கடைசி நாட்களில் தானாக யாரைக் கொண்டுவந்தார். பட்டியலை இந்த இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்த்தாலே பாதி உண்மை வெளிவரும்.

இதுவரை சொன்னது பழைய உலகத்துக்கு முழுமையாகப் பொருந்தும். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர் அதில் பெயரைப் பதிந்துவிட்டால் மற்றவர்கள் அவரை அழைக்கலாம். மாறியவர் ஓராண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2021-இல் தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துப் பணம் ஈட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தருகின்றன. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி டாலர் வரை பகிரலாம். இப்போது பள்ளியிலிருந்து வரும் பேட்ச்சை மட்டும் வைத்துப் புதியவரை எடைபோட்டால் பாதி அணி கண்ணில் படாது.

இதற்கு இந்தியானா பல்கலைக்கழகத்தை விடத் தெளிவான சான்று இல்லை. 2023-இல் அந்த அணி 3 வெற்றி, 9 தோல்வி. நவம்பர் இறுதியில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி வந்தார். டிசம்பர் கையெழுத்து நாளில், உங்கள் திட்டத்தை வீரர்களிடம் எப்படி விற்கிறீர்கள் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, தான் வெல்பவன் என்றும் கூகுளில் தேடிப் பார்க்கலாம் என்றும் பதில் சொன்னார். பள்ளி வீரர்களின் தரவரிசையில் அவருடைய பேட்ச் பேசும்படி இல்லை. ஆனால் பழைய கல்லூரியிலிருந்து பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூடவே அழைத்து வந்தார். லைன்பேக்கர் எய்டன் ஃபிஷர், கார்னர்பேக் டி'ஆஞ்செலோ பாண்ட்ஸ், எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் எலைஜா சராட் அவர்களில் சிலர். ஒஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரோர்க் சேர்ந்தார். 2024-இல் இந்தியானா 11 ஆட்டங்களை வென்றது. அதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு பருவத்தில் பத்து வெற்றியைக் கண்டதே இல்லை. போர்ட்டல் வழியாக வருபவரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பயிற்சியாளருக்கு அவரை ஏற்கெனவே தெரியுமா? தெரிந்து அழைத்து வந்தவர் வேறு, ஜனவரிச் சந்தையில் அகப்பட்டவர் வேறு.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். இன்று ஒரு பேட்ச் உயர்ந்த இடத்தில் இருந்தால் அது பயிற்சியாளரின் சொல்வன்மையையும் காட்டலாம், கொடையாளர்களின் பையையும் காட்டலாம். அதே பல்கலைக்கழகத்தின் முந்தைய மூன்று பேட்ச்களோடு ஒப்பிட்டால்தான் புதியவரால் என்ன மாறியது என்று தெரியும். வலுவான ஜார்ஜியாவுக்கு வருபவரையும் தோற்றுக்கொண்டிருந்த இந்தியானாவுக்கு வந்தவரையும் ஒரே அளவுகோலில் நிறுத்தக் கூடாது.

பையன்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும் இடமும் ஒன்று உண்டு. 2024 ஜனவரி 10-ஆம் தேதி சேபன் ஓய்வை அறிவித்தார். அவரை நம்பி மூன்று வாரத்துக்கு முன்புதான் அலபாமாவில் கையெழுத்திட்டிருந்தவர்கள், சிலர் விடுதிக்கே வந்துவிட்டவர்கள், யாருக்காக ஆடப்போகிறோம் என்றே தெரியாமல் நின்றார்கள். இரண்டு நாளில் வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோர் வந்தார். பயிற்சியாளர் மாறினால் வீரர்களுக்கு முப்பது நாள் போர்ட்டல் திறக்கும் என்பது அப்போதைய விதி. ஜூலியன் சாயின் என்ற இளம் குவார்ட்டர்பேக் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போனார். ரயன் வில்லியம்ஸ் என்ற ரிசீவர் தன் வாக்கைத் திரும்பப் பெற்று, சில நாள் யோசித்து, மறுபடியும் அலபாமாவையே தேர்ந்தெடுத்தார். அந்தச் செப்டம்பரில் ஜார்ஜியாவை 41-34 என்று வென்ற ஆட்டத்தில் வெற்றி டச்டவுனை (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) அடித்தபோது அவருக்குப் பதினேழு வயது. சாயின் போனதை டிபோரின் தோல்வியாக நான் எழுதமாட்டேன். பதினெட்டு வயதுப் பையன் தன் வாழ்க்கைக்கு ஒரு முடிவெடுத்தான், அவ்வளவே. வில்லியம்ஸைத் திரும்ப வரவைத்ததை டிபோரின் கணக்கில் நிச்சயம் எழுதுவேன். அறிமுகமே இல்லாத ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைச் சில நாட்களில் பெறுவது பெரிய காரியம்.

போனவர்களின் பெயரைப் போட்டுத் திட்டுவதும், வந்தவர்களின் நட்சத்திரத்தை எண்ணி ஏளனம் செய்வதும் இந்த ரசிகர் உலகில் சாதாரணமாகிவிட்டது. பயிற்சியாளரை எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள். அவர் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர். பையன்களை விட்டுவிடுங்கள்.

முதல் பேட்ச்சைத் தொடர்ந்து கவனிக்க விரும்புபவர்கள் கையெழுத்து நாளன்று அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பழையவர் பேசி முடித்தவர்கள் ஒரு பக்கம், புதியவர் கொண்டுவந்தவர்கள் மறுபக்கம், போர்ட்டல் வழி வந்தவர்கள் கீழே. முதல் பருவத்தின் வெற்றி தோல்வியை வைத்து எதையும் அடிக்க வேண்டாம். ஜனவரியில் போர்ட்டல் திறந்து மூடியதும் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கான பட்டியல் வெளியாகும்போது அந்தப் பெயர்களில் எத்தனை, தாக்குதலுக்குப் பதினொருவர் தடுப்புக்குப் பதினொருவர் என்று தொடக்கத்தில் இறங்கும் இருபத்திரண்டில் இருக்கின்றன, குறிப்பாக முன்வரிசைகளில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள்.